டயர் மாத்திட்டியா?

எங்கள் ஊரில் டயருக்கு மூன்று வேலைகள் உண்டு. சின்னப் பிள்ளைகள் குச்சியால் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டு ஓடுவார்கள். பெரியவர்கள் அதைக் கயிற்றில் கட்டிப் படகின் பக்கவாட்டில் தொங்கவிடுவார்கள். பக்கத்துப் படகோடு இடித்து ஃபைபர் விரிசல் விடாமல் இருக்கத்தான். இரண்டுக்கும் உதவாதது போகியன்று எரியும். டயர் வண்டியில் ஓடுவதற்கான பொருள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைப் பற்றி யோசித்து, விலை விசாரித்து, தூக்கம் கெட்டு, கடைசியில் நைனாவிடம் பொய் சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமாகும் என்று நினைத்ததில்லை.

பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் பக்கம் இருக்கும் குப்பங்களில் ஒன்று என்னுடையது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் நாங்கள். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம்தான் தமிழ்நாட்டுக்கு. இப்போது நான் இருப்பது கனடாவின் சட்பரியில். டொரண்டோவிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டர். நிக்கல் சுரங்க ஊர். நகர எல்லைக்குள்ளேயே முந்நூறுக்கும் மேல் ஏரிகள். 2021-இல் படிக்க வந்தேன். படிப்பு முடிந்ததும் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது. ராத்திரி பதினொன்று முதல் காலை ஏழு வரை ஷிஃப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் ஒத்துவரவில்லை. 2023 கோடையில் ஒரு பழைய கொரோல்லா வாங்கினேன். எங்கள் குடும்பத்தின் முதல் கார். வீடியோ காலில் காட்டியபோது நைனா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு மோட்டாரு எத்தினி எச்.பி.?"

நவம்பர் பிறந்ததும் சட்பரி முழுக்க ஒரே கேள்வி கேட்க ஆரம்பித்தது. "டயர் மாத்திட்டியா?" நம்மூரில் "சாப்டியா" என்று கேட்பார்களே, அப்படி. கூட வேலை செய்கிறவர்கள், வீட்டுக்காரம்மா, கல்லாவில் நிற்கும் பெண், எல்லோரும். "இன்னும் இல்லை" என்றால் முகம் மாறும். சாப்பிடவில்லை என்று சொன்ன பிள்ளையைப் பார்க்கிற முகம்.

சரி, இது என்னதான் என்று படித்துப் பார்த்தேன். சாதாரண கார் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுக ஆரம்பித்துவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது மாதிரி. பார்க்க அதே டயர்தான், ஆனால் சாலையை அது பிடிப்பதில்லை, உரசிக்கொண்டு போகிறது. விண்டர் டயரின் ரப்பர் கலவை வேறு. குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் மேல் பிளேடால் கீறியது போல ஆயிரக்கணக்கில் மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகள் திறந்து மூடி பனியைக் கவ்வும். உண்மையான விண்டர் டயரா என்று பார்க்க டயரின் பக்கச் சுவரில் ஒரு குறி இருக்கிறது. மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். "எம் பிளஸ் எஸ்" என்று எழுத்து மட்டும் இருந்தால் அது போதாது.

உலகின் முதல் விண்டர் டயரை 1934-இல் பின்லாந்தில் லாரிக்காகச் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து காருக்கு. செய்த ரப்பர் கம்பெனி இருந்த ஊரின் பெயர் நோக்கியா. அதே ரப்பர் கம்பெனியும் இன்னும் இரண்டு கம்பெனிகளும் 1967-இல் ஒன்றாகி, பிறகு செல்போன் செய்த நோக்கியா ஆனது. டயர்த் தொழில் பின்னாளில் தனியாகப் பிரிந்துபோனது. நைனாவின் முதல் போன் நோக்கியாதான். பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போவார். எங்கள் வீட்டுக்கும் பனிக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு அந்த போன்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கியூபெக் மாகாணமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் அங்கே சட்டம். ஜெர்மனியில் "அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை" என்று பழமொழி மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் இருக்கும் ஒன்டாரியோவில் சட்டம் எதுவும் இல்லை. போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கொஞ்சம் தள்ளுபடி தரவேண்டும், அவ்வளவுதான். சட்டம் இல்லாத இடத்தில் முடிவு நம் கைக்கு வந்துவிடுகிறது. நம் கைக்கு வருகிற எந்த முடிவும் என் மாதிரி ஆட்களுக்கு நேராகப் பர்ஸுக்குப் போய்விடுகிறது.

நான்கு புது டயர், அதற்கு இரும்பு ரிம், மாட்டும் கூலி, வரி எல்லாம் சேர்த்து 1,100 டாலர் என்றார்கள். அன்றைய கணக்கில் அறுபத்தேழாயிரம் ரூபாய்க்குப் பக்கம். நாலு மாதத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றி வைக்கப்போகிற ரப்பருக்கு அறுபத்தேழாயிரம்.

போடாமல் இருக்கக் காரணங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. வேலைக்குப் போய்வர மொத்தமே 12 கிலோமீட்டர். நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். அந்த வருடம் பனியும் சரியாக விழவில்லை (2023–24 கனடாவிலேயே பதிவானதில் மிகச் சூடான குளிர்காலம் என்று பிறகு சொன்னார்கள்). இரண்டு டயர் மட்டும் வாங்கி முன்னால் போட்டால் பாதிச் செலவுதானே என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் பென்சிலை மேசை மேல் வைத்து முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தைத் தள்ளிக் காட்டினார். பென்சில் சுற்றிக்கொண்டு திரும்பியது. "முன்னாடி பிடிக்கும், பின்னாடி பிடிக்காது. நாலும் வேண்டும், இல்லையென்றால் எதுவும் வேண்டாம்" என்றார்.

இவை எல்லாம் வெளியே சொல்லும் காரணங்கள். உள்ளே இருந்தது ஒரு திமிர். வழுக்கல் எனக்குப் புதிதா? ஐஸ் பார் உடைத்து மீன் பெட்டியில் கொட்டுகிற இடத்தில் வளர்ந்தவள் நான். ஐஸ் தண்ணியும் மீன் வழவழப்பும் ஊறின சிமெண்ட் தரையில் தலையில் கூடையோடு ஓடியிருக்கிறேன். அம்மாவாவது காலடியில் கோணிப்பை விரித்துக்கொள்வாள், நான் அதுவும் இல்லாமல். படகுக்கு ஏது பிரேக்? பிரேக்கே இல்லாத வண்டியை ஐம்பது வருடமாக ஓட்டுகிறவரின் பெண் நான். எனக்கு டயரா?

*

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. 3-ஆம் தேதியும் 4-ஆம் தேதியும் சென்னையையும் அதற்கு வடக்கே எங்கள் பக்கத்தையும் மழை அடித்துத் துவைத்தது. 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. இரண்டு நாள் யாருக்கும் போன் போகவில்லை. இங்கே ராத்திரி என்றால் அங்கே பகல். ஷிஃப்டில் ஒவ்வொரு அறையாகப் போய் வயசானவர்களைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, வராந்தாவில் நின்று டயல் செய்துகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் தம்பி பேசினான். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணி. மோட்டாரை முன்பே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதால் அது தப்பித்தது. ஆனால் ஏரியில் கட்டியிருந்த படகு பக்கத்துப் படகோடு இடித்து இடித்து ஒரு பக்கம் பிளந்துவிட்டது. இடையில் கட்டியிருந்த டயர் கயிறு அறுந்து போயிருந்தது. கொட்டகையில் வைத்திருந்த வலையில் பாதியைக் காணோம்.

ஃபைபர் ஒட்டவும் வலை வாங்கவும் ஐம்பத்தைந்தாயிரம் வேண்டும் என்று நைனா கேட்கவில்லை. தம்பியை விட்டுக் கேட்கவும் வைக்கவில்லை. நானே கணக்குப் போட்டு அனுப்பினேன். டயருக்கென்று எடுத்து வைத்திருந்த டாலர்தான். பணம் போய்ச் சேர்ந்த அன்று நைனா போன் செய்தார்.

"இந்தப் பணம் ஏதும்மா? காருக்கு சக்கரம் மாத்தணும்னியே?"

"மாத்திட்டேன் நைனா. இது வேற."

சொல்லும்போது எனக்கு நாக்கு கூசவில்லை. நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய், தப்பில்லை என்றே நினைத்தேன். அவர் மட்டும் என்ன, சுத்தமா?

அந்தக் கதையையும் சொல்லவேண்டும். முதல் சம்பளத்தில் நைனாவுக்கும் அவரோடு கடலுக்குப் போகிற அண்ணனுக்கும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுக்கச் சொல்லித் தம்பியிடம் பணம் அனுப்பியிருந்தேன். பழவேற்காட்டுக்காரர்களுக்கு லைஃப் ஜாக்கெட் என்றால் ஒரு தேதி ஞாபகம் வரும். 2011 டிசம்பர் 25. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். எனக்கு அப்போது 13 வயது. கிறிஸ்துமஸ் அன்று கரையில் வரிசையாகக் கிடத்தியதைப் பெரியவர்கள் எங்களைப் பார்க்கவிடவில்லை. ஆனால் செருப்புகள் இரண்டு நாள் அங்கேயே கிடந்தன. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகு விடத் தடை வந்தது. ஆனால் ஊரில் எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், வெளியூர்க்காரனுக்குத் தண்ணி தெரியாது என்பதுதான். நமக்குத் தெரியும் என்பது அதற்குள்ளேயே இருந்தது.

ஜாக்கெட் வந்ததும் நைனா முதலில் சிரித்தார். "ஜாக்கெட்டு போட்டுனு கடலுக்குப் போவச் சொல்றா உங்க அக்கா. பொடவையும் சேத்து அனுப்பச் சொல்லுடா." பிறகு நான் கேட்கும்போதெல்லாம், "போட்டுக்கினுதாம்மா போறேன்" என்பார். ஒரு நாள் வீடியோ காலில் தம்பி போனைத் திருப்பும்போது பார்த்துவிட்டேன். திண்ணையில் நைனா மதியத் தூக்கம். தலைக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட், மடித்து.

*

ஜனவரியில் ஒரு காலை. ராத்திரி முழுக்க மழையும் பனியுமாகப் பெய்து விட்டிருந்தது. வெளியே வந்து பார்த்தால் குளிரே இல்லை, பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. நல்ல நாள் என்று நினைத்தேன். அதுதான் கெட்ட நாள் என்று பிறகு சொன்னார்கள். மைனஸ் 20-இல் பனிக்கட்டி காய்ந்து சொரசொரவென்று இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அதன் மேல் மெல்லிசாகத் தண்ணி நிற்கும். மீன் ஏலத்தரை மாதிரியே.

சட்பரி பாறை மேட்டில் கட்டின ஊர். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு இறக்கம், அதன் அடியில் சிக்னல். சிவப்பு விழுந்தது. முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பிரேக்கை மிதித்தேன். காலடியில் பெடல் கடகடவென்று துடித்தது. கார் நிற்கவில்லை. வேகம் குறையவும் இல்லை. யாரோ பின்னாலிருந்து கையால் தள்ளிக்கொண்டு போவது போல நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. சிக்னலுக்கு நடுவில் போய், பக்கவாட்டாகச் சுழன்று, எதிர்ப்பக்கம் ஒதுக்கி வைத்திருந்த பனிக் குவியலில் மெத்தென்று மோதி நின்றது. ஒரு நொடி முன்னால் உப்பு தூவுகிற லாரி அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது. அதன் ஹாரன் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது முகத்துவாரம். ஏரியும் கடலும் சேருகிற வாய். அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. மணல் அடைத்து அடைத்து நகரும். கோடையில் சில வருடம் மூடியே போகும், மழையில் வெள்ளம் வந்து கிழித்துக்கொண்டு போகும். நேற்று ஆழம் இருந்த இடத்தில் இன்று முழங்கால் மணல். நைனா அங்கே வந்ததும் மோட்டாரைக் குறைத்து, அலையை எண்ணிக்கொண்டு நிற்பார். பெரிய அலைகள் போய் ஒரு இடைவெளி வரும். அப்போது ஒரே முறுக்கு. பன்னிரண்டு வயதில் அடம்பிடித்து ஒருமுறை அவரோடு போனேன். திரும்பும்போது அந்த இடைவெளிக்குள் நுழைந்தபின் மோட்டாரின் விசிறி மணலில் இடித்து நின்றுவிட்டது. படகு அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நைனா முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்த எதுவும் அப்போது வேலைக்கு ஆகவில்லை. அடுத்த அலை எங்களைத் தூக்கி மணல் மேல் போட்டதால் பிழைத்தோம். அவர் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை. நானும்தான்.

நாலு ரோடு நடுவில், நிற்காத காரில் உட்கார்ந்திருந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். மெதுவாக ஓட்டுவது எனக்குத் தெரியும், வழுக்கலில் நடக்கத் தெரியும். ஆனால் அந்தத் தெரிதல் சாலைக்குப் போய்ச்சேர ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி என் உள்ளங்கை அளவு ரப்பர் நாலு இடத்தில் தரையைத் தொடுகிறதே, அங்கே மட்டும்தான் இருக்கிறது. அங்கே இல்லையென்றால் எனக்குத் தெரிந்த அத்தனையும் காருக்குள்ளேயே என்னோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

இன்னொன்றும் தோன்றியது, இது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எங்கள் இல்லத்தில் எல்லா வயசானவர்களுக்கும் அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் உண்டு, வழுக்கி விழாமல் இருக்க. தினமும் அதை மாட்டிவிடுவது என் வேலை. ஒரு பாட்டி மாட்டவே விடமாட்டார். எண்பது வருடமாக நடக்கிறேன், எனக்கு நடக்கக் கற்றுத்தருகிறாயா என்பார். நான் தரையில் மண்டியிட்டுக் கெஞ்சி மாட்டிவிடுவேன். அன்று விடியற்காலையும் மாட்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

*

தூங்கி எழுந்து நைனாவுக்குப் போன் செய்தேன்.

"நைனா, ஒரு பொய் சொல்லிட்டேன்."

"இன்னா பொய்?"

"டயரு மாத்தல. அந்தப் பணம்தான் உனக்கு அனுப்புனது. இன்னிக்குக் காலைல வண்டி வழுக்கிடுச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் வாடைக்காற்று மட்டும் கேட்டது.

"அப்ப நான் டெய்லி ஏறிப் போய்னு இருக்கறது உன் டயரு மேலயா?"

நான் பேசவில்லை.

"படகு ரெண்டு மாசம் கரைல கெடந்தா நாங்க செத்துட மாட்டம்மா. ஏரில எறங்கி நண்டு புடிச்சாவது சாப்டுவோம். நீ அங்க வழுக்கினு போனா நான் யாரக் கேக்கறது? இந்த மாசம் பணம் அனுப்பாத. வாங்கி மாட்டிட்டு போட்டோ அனுப்பு. நாலு சக்கரமும் தெரியணும்."

"நீயும்தான் பொய் சொன்ன. ஜாக்கெட்டு தலைகாணியா இருக்குது."

"யாரு சொன்னா, தம்பியா?"

"நானே பாத்தேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பொறுமையாகச் சொன்னார். "அத்த போட்டுனு வலை விட முடியாதும்மா. அதுல பட்டையும் பக்கிளும் தொங்குது. வலை ஓடும்போது அதுல மாட்டுச்சின்னா ஆள இஸ்துகினு பூடும். வெயில்ல வேற வேவுது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் அதைக் கடையில் விற்கிற பொருளாகத்தான் பார்த்திருந்தேன். வலை ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் அவர். என் பன்னிரண்டு கிலோமீட்டர் சாக்கு மாதிரி இல்லை இது, நிஜமான காரணம். ஆனாலும் தலைகாணிக்கு அது பதில் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

போனை வைத்தபிறகு யோசித்தேன். எங்கள் வீட்டில் யாரும் பாதுகாப்புக்குச் செலவு செய்யத் தெரியாதவர்கள் இல்லை. நைனாவுக்கு நான் வாங்குவேன், எனக்கு வாங்கச் சொல்லி நைனா ஒரு மாத வருமானத்தை விடுவார். தனக்கென்று வரும்போதுதான் அது வீண் செலவாகிவிடுகிறது. படகு உடைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, டயர் இல்லாதது தெரிவதில்லை. அதனால் கையில் இருக்கிற காசு எப்போதும் உடைந்த பொருளுக்குப் போகிறது, உடையப்போகிற ஆளுக்குப் போவதில்லை. அதை மறைக்க அன்பாக ஒரு பொய் வேறு.

*

ஊரை விட்டுப் போகிற ஒருவரிடம் ரிம்மோடு நாலு பழைய டயர் கிடைத்தது, 420 டாலருக்கு. வாங்குமுன் மெக்கானிக் சொல்லித்தந்தபடி பார்த்தேன். மலைக்குள் பனித்துகள் குறி இருந்தது. பக்கச் சுவரில் கடைசி நாலு எண் 3819, அதாவது 2019-இன் 38-ஆவது வாரம் செய்தது. ஆழம் அளக்கும் குச்சி 6 மில்லிமீட்டர் காட்டியது. பனிச்சாலைக்கு 4-க்குக் கீழே போனால் வாங்காதே என்று சொல்லியிருந்தார். நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு.

மாட்டிக்கொண்டு அதே இறக்கத்துக்குப் போனேன். மாயம் எதுவும் நடக்கவில்லை. விண்டர் டயர் போட்டாலும் பனியில் வழுக்கும். நிற்க நேரம் பிடிக்கும், இடைவெளி விட்டுத்தான் போகவேண்டும். ஆனால் பிரேக்கை மிதித்தால் கார் நான் சொன்னதைக் காதில் வாங்கியது. காலடியில் கோணிப்பை விரித்த மாதிரி இருந்தது. நாலு சக்கரத்தையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நைனா நாலுக்கும் தனித்தனியாகக் கட்டைவிரல் போட்டிருந்தார்.

பிப்ரவரியில் ஊருக்கு நடுவே இருக்கும் ராம்சி ஏரிக்கு ஒரு நாள் பகலில் போனேன். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து பார்க்க ஆசை. அந்த வருடம் சூடு அதிகம் என்பதால் ஏரி தாமதமாகத்தான் உறைந்திருந்தது. கரையை ஒட்டி ஒரு பெரியவர் ஸ்லெட்ஜ் இழுத்துக்கொண்டு தனியாகப் போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று துளை போட்டு அளந்தார். மனிதர் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கட்டி வேண்டும். நீலமாகத் தெளிந்த கட்டிதான் உறுதி, வெள்ளையாகக் கலங்கியிருந்தால் நம்பக்கூடாது. நைனா தண்ணியின் நிறத்தைப் பார்ப்பது மாதிரியே அவர் குனிந்து பார்த்தார். உடம்பில் மிதக்கிற கோட்டு. கழுத்தில் கயிறு கட்டி இரண்டு கைப்பிடிகள் தொங்கின. முனையில் ஆணி. கட்டி உடைந்து உள்ளே விழுந்தால் அதைக் குத்திப் பிடித்து மேலே ஏறுவதற்கு.

எத்தனை வருடமாக இந்த ஏரியில் என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே, ஐம்பது வருடத்துக்கு மேல் என்றார். ஏரியை இவ்வளவு தெரிந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். நைனாவுக்காகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் துளையிலிருந்து நிமிராமலே சொன்னார்: "போன வருடம் இருந்த மாதிரி ஏரி இந்த வருடம் இல்லையே."

அவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். நைனா உடனே போன் செய்தார்.

"கழுத்துல இன்னா அது, ரெண்டு?"

சொன்னேன்.

"தனியா போறாரா?"

"ஆமா நைனா."

"வயசு?"

"உன்ன விட ஜாஸ்தி. எழுபது இருக்கும்."

"இன்னா மீனு?"

அதைக் கேட்க மறந்துவிட்டேன் என்றதற்கு அரைமணி நேரம் திட்டினார். ஜாக்கெட் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

மார்ச்சில் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். முகத்துவாரத்தில் படகு. பின்பக்கத்திலிருந்து எடுத்தது. மோட்டார் பிடித்து உட்கார்ந்திருக்கும் முதுகில் ஆரஞ்சு. முன்னால் அண்ணன், அவர் மேலும் ஆரஞ்சு. முகத்துவாரத்தைத் தாண்டுகிற வரை இரண்டு பேரும் போட்டுக்கொள்கிறார்கள், கடலுக்குள் போய் வலை எடுக்கும்போது கழற்றிக் கீழே போடுகிறார்கள், திரும்பும்போது மறுபடி. நான் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் எங்கே போடவேண்டும் என்பதை என்னைவிட நன்றாக யோசித்திருந்தார். அடியிலேயே நைனாவின் குரல் செய்தி: "காட்டிட்டான்ல? கழுத்தாண்ட அரிக்குது. அத்தையும் எழுதிக்கோ."

ஏப்ரல் பாதியில் டயரைக் கழற்றினேன். சூட்டில் ஓட்டினால் அந்த ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். கழுவித் துடைத்து, கறுப்புப் பையில் கட்டி, நிலவறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். நைனாவுக்கு அதையும் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"இன்னும் எத்தினி வருஷம் வரும்?"

"ரெண்டு, மூணு."

"அப்பறம் தூக்கிப் போட்டுடாத. வரும்போது எடுத்தா. படகுக்குக் கட்டலாம்."